அமெரிக்க அதிபர் நினைத்தால் போர் தொடங்கிவிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூன் 22 அதிகாலை ஈரானின் ஃபோர்டோ, நத்தன்ஸ், இஸ்ஃபஹான் அணுசக்தி மையங்கள் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. அதற்கு முன் அமெரிக்க நாடாளுமன்றத்தில் எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை. ஜூன் 27 அன்று, இனி ஈரான் மீது கை வைப்பதானால் எங்களைக் கேட்க வேண்டும் என்ற தீர்மானம் செனட்டில் 47க்கு 53 என்று தோற்றது. அதிலிருந்து பலரும் கேட்டுவரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தர முயல்கிறேன். 'காங்கிரஸ்' என்று வரும் இடங்களில் அது அமெரிக்க நாடாளுமன்றத்தைக் குறிக்கிறது. செனட், பிரதிநிதிகள் சபை என்று அதற்கு இரண்டு அவைகள்.

சட்டப்படி போர் தொடுக்கும் அதிகாரம் யாருடையது?

காங்கிரஸுடையது. அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு போரை அறிவிப்பது, படை திரட்டுவது, அதற்குப் பணம் ஒதுக்குவது எல்லாவற்றையும் காங்கிரஸிடம் ஒப்படைக்கிறது. தரைப்படைக்கான பணத்தை இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரே மூச்சில் ஒதுக்கக்கூடாது என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பிரிவு அதிபரை முப்படைகளின் தலைமைத் தளபதி ஆக்குகிறது. போருக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது காங்கிரஸ், முடிவான போரை நடத்துவது அதிபர் என்பதுதான் ஏற்பாடு.

இது யோசிக்காமல் செய்த ஏற்பாடு இல்லை. மன்னர்களின் ஆசைக்காக மக்கள் செத்த ஐரோப்பிய வரலாறு, 1787இல் அரசமைப்பை எழுதப் பிலடெல்பியாவில் கூடியவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆட்சி நடத்துபவருக்குத்தான் போரில் ஆசை அதிகம், அதனால்தான் அந்த முடிவை வேண்டுமென்றே மக்கள் பிரதிநிதிகளிடம் விட்டோம் என்று அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் 1798இல் ஜெஃபர்சனுக்கு எழுதினார்.

எதிரி அடிக்க வரும்போதும் வாக்கெடுப்புக்குக் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். 1787 ஆகஸ்டில் அந்தப் பிலடெல்பியா கூட்டத்தில் இதைப் பற்றியே விவாதம் நடந்தது. திடீர்த் தாக்குதலை முறியடிக்க அதிபருக்கு இடம் விட வேண்டும் என்று மேடிசனும் எல்பிரிட்ஜ் ஜெர்ரியும் திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். நாடு தாக்கப்பட்டால் அதிபர் உடனே திருப்பி அடிக்கலாம். இதில் கட்சி வேறுபாடு கிடையாது.

தாக்குதல் நடக்கும் முன்பே 'நடக்கக்கூடும்' என்று சொல்லி அடிப்பது, வெளிநாட்டில் இருக்கும் சொந்தப் படைக்கு ஆபத்து என்று அடிப்பது, நட்பு நாட்டுக்காக அடிப்பது என்று வரும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு அதிபரும் இந்தக் கோட்டை ஒரு அடி தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

அமெரிக்கா இதுவரை எத்தனை போர்களை முறைப்படி அறிவித்திருக்கிறது?

ஐந்துதான். 1812இல் பிரிட்டனோடு, 1846இல் மெக்ஸிகோவோடு, 1898இல் ஸ்பெயினோடு, பிறகு இரண்டு உலகப் போர்கள். கடைசி அறிவிப்பு 1942 ஜூனில் பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், இராக் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் தடம் எங்கே மாறியது?

கொரியாவில். 1950 ஜூனில் வட கொரியா எல்லை தாண்டியதும் அதிபர் ட்ரூமன் காங்கிரஸைக் கேட்காமலேயே படை அனுப்பினார். ஐ.நா. பாதுகாப்பு மன்றத் தீர்மானம் இருக்கிறது, இது ஐ.நா.வின் 'போலீஸ் நடவடிக்கை' என்று விளக்கம். அந்தப் போலீஸ் நடவடிக்கையில் 36,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். கொரிய மக்களின் இழப்பு அதைவிடப் பல மடங்கு.

ட்ரூமன் கேட்டிருந்தால் அன்றைய காங்கிரஸ் அனுமதி கொடுத்திருக்கும் என்றே நினைக்கிறேன். கேட்காமல் விட்டதுதான் பெரிய கேடு. அடுத்து வந்த எல்லா அதிபர்களுக்கும் அது முன்னுதாரணம் ஆகிவிட்டது.

டோங்கின் தீர்மானம் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கே இருக்கிறது.

1964 ஆகஸ்ட் 2 அன்று வியட்நாமின் டோங்கின் வளைகுடாவில் மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாம் படகுகள் தாக்கின. அது நடந்தது உண்மை. ஆகஸ்ட் 4 இரவு இரண்டாவது தாக்குதல் நடந்ததாகத் தகவல் வந்தது. மோசமான வானிலை, இருட்டு, ரேடாரில் தெரிந்த புள்ளிகள், சோனார் கருவியில் கேட்ட ஒலிகள். சில மணி நேரத்திலேயே, பல தகவல்கள் சந்தேகத்துக்குரியவை, முழுதாகச் சரிபார்த்துவிட்டு மேலே போகலாம் என்று அங்கிருந்த கப்பல்படை அதிகாரி செய்தி அனுப்பினார். வாஷிங்டன் காத்திருக்கவில்லை. அன்றிரவே அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றிப் பதிலடியை அறிவித்தார்.

மூன்றே நாளில், ஆகஸ்ட் 7 அன்று, தாக்குதலை முறியடிக்கவும் மேற்கொண்டு ஆக்கிரமிப்பைத் தடுக்கவும் 'தேவையான எல்லா நடவடிக்கைகளையும்' எடுக்க அதிபருக்கு அனுமதி தரும் தீர்மானம் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர்: ஓரிகனின் வேய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங். அந்த ஒரு தீர்மானத்தை வைத்துக்கொண்டு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட படையினர் வியட்நாமுக்குப் போனார்கள். 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் லட்சக்கணக்கான வியட்நாமியரும் மாண்டார்கள். இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பதை அமெரிக்காவின் சொந்த உளவு அமைப்பு ஆவணங்களே பின்னாளில் காட்டின.

அதிபர் சொன்னதைக் காங்கிரஸ் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1973இல் வந்த போர் அதிகாரச் சட்டம் என்ன சொல்கிறது?

வியட்நாமோடு நிற்காமல், பக்கத்து நாடான கம்போடியா மீது 1969 மார்ச் முதல் அமெரிக்கா ரகசியமாகக் குண்டு வீசியது. காங்கிரஸுக்கே அது மறைக்கப்பட்டது. அந்தக் கோபத்தில் பிறந்த சட்டம் இது. அதிபர் நிக்சன் தன் வீட்டோ அதிகாரத்தைப் பயன்படுத்தி நிராகரித்தார். 1973 நவம்பர் 7 அன்று இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையுடன் அந்த வீட்டோவை உடைத்துச் சட்டமாக்கின. பிரதிநிதிகள் சபையில் 284க்கு 135, செனட்டில் 75க்கு 18.

சட்டத்தின் சாரம்: படையைச் சண்டையில் இறக்கும் முன் முடிந்தவரை காங்கிரஸுடன் கலந்து பேச வேண்டும். இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். 60 நாளுக்குள் காங்கிரஸ் அனுமதிக்காவிட்டால் படையைத் திரும்பப் பெற வேண்டும். பத்திரமாகத் திரும்ப 30 நாள் கூடுதல் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மசோதாவைத் தொடக்கத்தில் முன்னின்று ஆதரித்தவர்களில் ஒருவரான செனட்டர் தாமஸ் ஈகிள்டன் கடைசியில் அதை எதிர்த்து வாக்களித்தார். 60 நாள் என்று எழுதுவது அதிபரைக் கட்டுப்படுத்தாது, யாரையும் கேட்காமல் 60 நாள் போர் நடத்த உரிமம் கொடுத்துவிடும் என்பது அவர் வாதம். சி.ஐ.ஏ. நடத்தும் ரகசியப் போர்களையும் சேர்க்கச் சொன்னார், ஏற்கவில்லை. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை அடுத்த ஐம்பது ஆண்டுகள் காட்டிவிட்டன.

60 நாள் கெடுவை அதிபர்கள் எப்படித் தாண்டுகிறார்கள்?

முதல் வழி, கடிதத்திலேயே இருக்கிறது. 48 மணி நேரக் கடிதம் பிரதிநிதிகள் சபைத் தலைவருக்கும் செனட்டின் தற்காலிகத் தலைவருக்கும் போகும். அதில் 'போர் அதிகாரச் சட்டத்தின்படி தெரிவிக்கிறேன்' என்று எந்த அதிபரும் எழுத மாட்டார். 'அச்சட்டத்துக்கு இசைவாக' என்றுதான் இருக்கும். சட்டம் என்னைக் கட்டுப்படுத்தாது, மரியாதைக்காகச் சொல்கிறேன் என்று அர்த்தம். நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இப்படிப் போயிருக்கின்றன. 60 நாள் கணக்கைத் தொடங்கிவைக்கும் உட்பிரிவை வெளிப்படையாகக் குறிப்பிட்டது ஒரே ஒரு கடிதம். 1975இல் கம்போடியா பிடித்துவைத்த மாயகேஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலின் மீட்பு பற்றி அதிபர் ஃபோர்டு அனுப்பியது அது. அந்த நடவடிக்கையோ அதற்குள் முடிந்துவிட்டது.

இரண்டாவது வழி, 'இது சண்டையே இல்லை' என்பது. 2011 மார்ச் 19 அன்று லிபியா மீது தாக்குதல் தொடங்கியது. மே 20இல் 60 நாள் முடிந்தது. அமெரிக்கத் தரைப்படை இல்லை, அமெரிக்கர்களுக்கு உயிர்ச்சேதம் இல்லை, அதனால் சட்டம் சொல்லும் அளவுக்கு இது சண்டை ஆகாது என்று ஒபாமா அரசு வாதிட்டது. நீதித்துறையின் சட்ட ஆலோசனைப் பிரிவும் பென்டகனின் (பாதுகாப்புத் துறையின்) தலைமை வழக்கறிஞரும் இதை ஏற்கவில்லை. ஒபாமா அவர்களை ஒதுக்கிவிட்டு வெள்ளை மாளிகை வழக்கறிஞரும் வெளியுறவுத் துறைச் சட்ட ஆலோசகரும் சொன்னதை எடுத்துக்கொண்டார். குண்டு விழும் ஊரில் இருப்பவரிடம் போய் இது சண்டை இல்லை என்று சொல்ல முடியுமா? ஒபாமாவைப் பிடித்தவர்களும் இந்த இடத்தில் அவரை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

எல்லாப் பழியும் அதிபர்கள் மேல்தானா?

இல்லை. பாதிக்கு மேல் காங்கிரஸ் மேல்தான் என்பது என் கருத்து.

1999இல் கொசோவோவுக்காக யூகோஸ்லாவியா மீது நேட்டோ 78 நாள் குண்டு வீசியது. ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் பிரதிநிதிகள் சபை நடத்திய நான்கு வாக்கெடுப்புகளைப் பாருங்கள். போர் அறிவிக்கலாமா? முடியாது, 427க்கு 2. படையைத் திரும்பப் பெறலாமா? அதுவும் முடியாது, 290க்கு 139. நடந்துகொண்டிருக்கும் விமானத் தாக்குதலுக்காவது ஒப்புதல் தரலாமா? 213க்கு 213, சமநிலை, தோல்வி. தரைப்படை அனுப்புவதானால் எங்களைக் கேட்க வேண்டுமா? அதற்கு மட்டும் ஆம். அடுத்த மாதமே இதே காங்கிரஸ் அந்தப் போருக்குக் கூடுதல் பணம் ஒதுக்கியது.

லிபியாவிலும் இதே கதை. 2011 ஜூன் 24 அன்று அனுமதி தரும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபை தோற்கடித்தது. அதே நாளில் பணத்தைக் கட்டுப்படுத்தும் மசோதாவையும் தோற்கடித்தது. போர் வென்றால் உடன் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், தோற்றால் அதிபரைக் கை காட்டலாம் என்ற கணக்கு இது. தொகுதியில் இருந்து போன பிள்ளைகளின் உடல் பெட்டியில் திரும்பி வரும்போது, 'நான் ஆம் என்று சொன்னேன்' அல்லது 'இல்லை என்று சொன்னேன்' என்று சொல்லும் கடமை ஒரு பிரதிநிதிக்கு இருக்கிறது. அதைத் தட்டிக்கழிப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காங்கிரஸ் உறுதியாக 'நிறுத்து' என்று தீர்மானம் போட்டால் போர் நின்றுவிடுமா?

1973 சட்டப்படி இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் சொன்னால் போதும், அதிபரின் கையெழுத்து தேவையில்லை. ஆனால் 1983இல், குடியேற்றம் தொடர்பான சதா வழக்கில், அதிபரிடம் போகாமல் காங்கிரஸ் மட்டுமே போடும் இத்தகைய உத்தரவுகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு 'நிறுத்து' தீர்மானமும் அதிபரிடம் போக வேண்டும், அவர் வீட்டோ செய்யலாம். எந்த அதிபரை நிறுத்த வேண்டுமோ அவரிடமே போய் நிற்க வேண்டிய நிலை.

2019இல் ஏமன் போரில் சவூதிக்குத் தரும் உதவியை நிறுத்தச் சொல்லி இரு அவைகளும் நிறைவேற்றின. டிரம்ப் வீட்டோ செய்தார். 2020 ஜனவரியில் ஈரானின் தளபதி காசிம் சுலைமானி கொல்லப்பட்ட பிறகு ஈரான் பற்றி இன்னொரு தீர்மானம் இரு அவைகளிலும் நிறைவேறியது. அதற்கும் வீட்டோ. இரண்டு முறையும் அதை உடைக்க மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. பெரும்பான்மை இருந்தும் பயனில்லை. போரைத் தொடங்கவே பெரும்பான்மை வேண்டும் என்று எழுதப்பட்ட அரசமைப்பு, போரை நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று தலைகீழாக மாறிவிட்டது.

நீதிமன்றத்துக்குப் போகலாமே?

போயிருக்கிறார்கள். அநேகமாக எல்லா வழக்குகளும் வாசலிலேயே திரும்பிவிட்டன. கொசோவோ போரை எதிர்த்து டாம் கேம்பெல் உள்ளிட்ட உறுப்பினர்கள் போட்ட வழக்கை, அவர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்று தள்ளிவிட்டார்கள். இது அரசியல் கேள்வி, நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்பதே நீதிபதிகளின் வழக்கமான பதில். 1952இல் கொரியப் போரைக் காரணம் காட்டி எஃகு ஆலைகளை ட்ரூமன் கையகப்படுத்தியபோது உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆனால் அது உள்நாட்டுச் சொத்து பற்றிய வழக்கு.

2001இல் கொடுத்த அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா?

இருக்கிறது. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மூன்று நாள் கழித்து, அதைத் திட்டமிட்டவர்கள், உதவியவர்கள், அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் மீது படை பயன்படுத்த காங்கிரஸ் அனுமதித்தது. காலக்கெடு இல்லை, நாட்டின் பெயர் இல்லை. செனட்டில் 98க்கு 0. பிரதிநிதிகள் சபையில் 420க்கு 1.

அந்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. அன்று தேசியப் பேராலயத்தில் நடந்த அஞ்சலியில் ஒரு குருவானவர், நாம் வெறுக்கும் தீமையாக நாமே மாறிவிடக்கூடாது என்று வேண்டினார். அதையே லீ தன் உரையில் எடுத்துச் சொன்னார். கொலை மிரட்டல்கள் குவிந்தன, போலீஸ் பாதுகாப்பு போட வேண்டியிருந்தது. எல்லையில்லாத போருக்கு வெற்றுக் காசோலை இது என்று அவர் அப்போதே எச்சரித்தார்.

ஏமன், சோமாலியா, லிபியா, சிரியா என்று அந்த அனுமதி நீண்டது. 2001இல் அந்த வடிவத்தில் இல்லவே இல்லாத ஐ.எஸ். அமைப்புக்கு எதிராகவும் அதையே காட்டினார்கள். 2017 அக்டோபரில் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில் நான்கு அமெரிக்க வீரர்கள் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தபோது, அங்கே இத்தனை படை இருப்பதே தெரியாது என்று செனட்டர் லிண்ட்ஸி கிரஹாம் தொலைக்காட்சியில் சொன்னார். ராணுவ விவகாரங்களில் ஊறிய ஒரு செனட்டருக்கே தெரியவில்லை.

இராக்குக்கான 1991, 2002 அனுமதிகள் 2025 டிசம்பரில் ஒருவழியாக ரத்து செய்யப்பட்டன. 2001 அனுமதியை யாரும் தொடவில்லை.

அப்படியானால் உண்மையில் வேலை செய்யும் கருவி எது?

பணம். காசை நிறுத்தினால் போர் நிற்கும். 1973 கோடையில் கம்போடியக் குண்டுவீச்சுக்குப் பணம் கிடையாது என்று காங்கிரஸ் சொன்னபோது நிக்சன் முதலில் வீட்டோ செய்தார். அரசு நிதியாண்டு அப்போது ஜூன் 30இல் முடியும். இந்த நிபந்தனையை அவசர நிதி மசோதாக்களோடு திரும்பத் திரும்ப இணைப்போம் என்று காங்கிரஸ் விடாப்பிடியாக நின்றது. அரசே முடங்கும் நிலை வந்ததும் நிக்சன் இறங்கி வந்தார். ஆகஸ்ட் 15 அன்று குண்டுவீச்சு நின்றது. சோமாலியாவிலும் அப்படித்தான். 1993 அக்டோபரில் மொகதிஷு சண்டையில் 18 வீரர்கள் இறந்த பிறகு, 1994 மார்ச் 31க்குப் பின் பணம் இல்லை என்று காங்கிரஸ் கெடு வைத்தது. படை திரும்பியது.

ஆனால் களத்தில் இருக்கும் வீரனுக்குச் சோறு நிறுத்துகிறாயா என்ற பழிச்சொல்லுக்குப் பயந்து இதைக் கையில் எடுப்பவர்கள் குறைவு.

ஐ.நா. அனுமதி இருந்தால் போதாதா? நேட்டோ ஒப்பந்தம்?

போதாது. எந்த ஒப்பந்தத்தையும் போருக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று 1973 சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

அணுகுண்டு விஷயத்தில்?

அங்கே காங்கிரஸுக்கு இடமே இல்லை. உத்தரவிடும் அதிகாரம் அதிபர் ஒருவருடையது. உத்தரவு அவரிடமிருந்துதான் வந்தது என்று உறுதி செய்ய ஏற்பாடு இருக்கிறது, அது சரியா தவறா என்று தடுக்க யாருக்கும் வாக்கு இல்லை. 2017 நவம்பரில் செனட்டின் வெளியுறவுக் குழு இதை விசாரித்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நடந்த அந்த விசாரணை எந்தச் சட்டத்திலும் முடியவில்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

ஜெர்மனியில் கடிவாளம் இறுக்கம். 1994இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது முதல், படையை வெளிநாட்டில் ஆயுத நடவடிக்கைக்கு அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயம். பிரான்சில் மூன்று நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், நான்கு மாதம் தாண்டினால் அனுமதி வேண்டும். பிரிட்டனில் எழுதப்பட்ட விதி இல்லை. 2013இல் சிரியா மீதான தாக்குதலை நாடாளுமன்றம் 285க்கு 272 என்று நிராகரித்தது, பிரதமர் கேமரூன் ஏற்றுக்கொண்டார். 2018இல் தெரசா மே வாக்கெடுப்பு இல்லாமலே சிரியாவைத் தாக்கினார்.

இந்தியாவில் படை அனுப்பும் முடிவு முழுக்க அமைச்சரவையுடையது. 1987இல் அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனபோது நாடாளுமன்றத்தின் முன் அனுமதி கேட்கப்படவில்லை, கேட்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. 1990 மார்ச்சில் படை திரும்புவதற்குள் சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். ஈழத்துப் பொதுமக்கள் பட்ட பாடு தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாக்கெடுப்பு நடந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. என்ன நோக்கம், எவ்வளவு காலம், யாரை எதிர்த்து என்ற கேள்விகளாவது முன்கூட்டியே சபையில் பதிவாகியிருக்கும்.

சட்டத்தைத் திருத்த முயற்சி ஏதும் நடந்ததா?

நடந்தது. 2021 ஜூலையில் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் மர்ஃபி, குடியரசுக் கட்சியின் மைக் லீ, சுயேச்சையான பெர்னி சாண்டர்ஸ் மூவரும் சேர்ந்து செனட்டில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். எது சண்டை என்று அதில் வரையறை இருந்தது. 60 நாளை 20 நாளாகக் குறைத்தார்கள். கெடு முடிந்தும் அனுமதி வரவில்லை என்றால் பணம் தானாகவே நின்றுவிடும், யாரும் புதிதாக வாக்களிக்க வேண்டியதில்லை. வீட்டோ சிக்கலுக்கு இதைவிட நேரான தீர்வு நான் பார்த்ததில்லை. மசோதா வாக்கெடுப்பு வரை வரவே இல்லை.